அமாவாசை மஞ்சப்பை

ஆனையூரில் அமாவாசைக்கு ஆவலாகக் காத்திருந்தவை இரண்டே ஜாதி. ஒன்று காக்கை. இன்னொன்று நான். காக்கைக்கு மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் மொட்டை மாடியில் சோறு வைப்பார். வைத்துவிட்டுக் கையைக் கழுவி, நெற்றியில் புதிதாக விபூதி பூசிக்கொண்டு, ஒரு மஞ்சப்பையோடு படியிறங்கிக் கீழே வருவார். கீழ்வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். பைக்குள் என்ன இருக்கும் என்று எனக்கும் என் மனைவிக்கும் காலையிலேயே பந்தயம் ஆரம்பித்துவிடும். தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். அந்த வீட்டில் இருந்த காலத்தில் நான் கழுவிய பாத்திரங்களை அடுக்கினால் அழகர்மலை உயரத்துக்கு வரும்.

முதல் பையில் வந்தது பற்பசை. பாதி பிதுக்கியவை, பிரிக்காதவை எல்லாமே இருந்தன.

"தம்பி, இது விஷம். வீட்டுல வச்சிருக்கப்படாது. தூரப் போடவும் மனசு வரல. உங்களுக்கு ஆகும்."

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் என் மனைவி கேட்டாள். "அவுக வாய்க்கு விஷம், நம்ம வாய்க்கு ஆகுமாக்கும்?"

"ஓசியில வந்தா எல்லாம் செரிக்கும்" என்றேன். எனக்கு அப்போது ஒரு பிஸ்கட் ஏஜென்சியில் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் வேலை. மதிய உணவே பல நாள் உடைந்த பிஸ்கட்தான். என்னை அறுத்துப் பார்த்தால் ரத்தத்துக்குப் பதில் மைதாமாவு கொட்டும். கூடக் கொஞ்சம் பற்பசை சேர்ந்தால் என்ன வந்துவிடப் போகிறது?

பையைக் கொடுத்துவிட்டு மேலே போகும்போது பாதிப் படியில் நின்று இடுப்பிலிருந்து பொடி டப்பாவை எடுப்பார். ஒரு சிட்டிகை உறிஞ்சுவார். தும்முவார். தெருமுனை வரை கேட்கும் தும்மல் அது. உடனே மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும். "ஆயுசு நூறு." ஒருநாளும் அது தவறியதில்லை. அவரை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் பிறகுதான் வருகிறது. முதலில் தும்மல், அடுத்து அந்த நூறு.

அண்ணே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் மனைவி மதினி. அண்ணன் சிம்மக்கல்லில் உரமும் பூச்சி மருந்தும் விற்கும் கடை வைத்திருந்தவர். உசிலம்பட்டி, வாடிப்பட்டிச் சம்சாரிகளெல்லாம் அவரிடம்தான் வாங்கினார்கள். மாடியும் கீழுமாக அந்த வீடு எழுந்ததே பூச்சிகள் செத்த புண்ணியத்தில்தான். வயதாகிக் கடையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவர் யாரோ நடத்திய இயற்கை வாழ்வு முகாமுக்கு ஒருநாள் போய்வந்தார். வந்ததிலிருந்து வீட்டை மாற்ற ஆரம்பித்தார்.

"ஒரேயடியா மாத்தப்படாது தம்பி" என்பார். "உடம்பு ஏத்துக்கிடாது. ஒவ்வொண்ணா மாத்தணும். அமாவாசைக்கு ஒண்ணு. வீட்டுக்கே தெரியப்படாது."

கத்தமாட்டார். கை ஓங்கமாட்டார். எங்கள் தெருவில் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்துகிற ஆண்கள் நிறைய இருந்தார்கள். அந்தப் பெண்டாட்டிகளும் திருப்பிக் கத்துவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும், பொழுது சாய்வதற்குள் ராசியாகிவிடும். இவர் வீட்டில் சத்தமே கிடையாது. அலமாரியில் இருந்த ஒரு பொருள் இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

பற்பசை போய்க் கடுக்காயும் கரியும் சேர்ந்த பொடி வந்தது. சோப்பு போய்ப் பாசிப்பயறு மாவு, ஷாம்பு போய் அரப்பு, பாத்திரம் விளக்கும் சோப்பு போய்ப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். இதையெல்லாம் காயவைப்பது, இடிப்பது, சலிப்பது, கொதிக்கவைப்பது மதினி. ஒரு அமாவாசைக்கு மிக்சியே மஞ்சப்பையில் வந்தது. மிக்சி சூட்டில் சத்து செத்துப்போகுமாம். மறுநாளிலிருந்து எங்கள் தலைக்கு மேலே அம்மிச் சத்தம். கீழே எங்களிடம் இரண்டு மிக்சி. மேலே அம்மி ஓய்கிற வரைக்கும் என் மனைவி சட்னி அரைக்கமாட்டாள். அவள் மனசு அப்படி. எனக்குப் பசி, நான் அவளை அவசரப்படுத்துவேன்.

அவரிடம் மயங்கி நானும் கொஞ்ச நாள் இயற்கையாக இருந்து பார்த்தேன். கரிப்பொடியில் பல் துலக்கிவிட்டுச் செல்லூருக்கு ஆர்டர் எடுக்கப் போனேன். கடைக்காரரைப் பார்த்து இளித்ததும் அவர் தன் பேரனைத் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டு, "அண்ணே, ஏதும் சாப்பிட்டீங்களா, இல்ல எதுவும் ஒங்களச் சாப்பிட்டுருச்சா?" என்றார். அதோடு நான் பற்பசைக்குத் திரும்பினேன்.

இன்னொரு தடவை, தரை துடைக்க என்று எலுமிச்சைத் தோலும் வெல்லமும் மாதக்கணக்கில் ஊறிய ஒரு பாட்டிலை என் மனைவியிடம் கொடுத்திருந்தார். எங்கள் ஏஜென்சி முதலாளி வீட்டுக்கு வந்த அன்று, ஏதோ சர்பத் என்று நினைத்து அதை ஐஸ் போட்டு ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் மடமடவென்று குடித்துவிட்டு, "நன்னாரியா? இன்னொரு கிளாஸ் குடுப்பா" என்றார். அந்த வருஷம் எனக்குச் சம்பளம் கூடவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

நான் விரும்பினால் திரும்பிக்கொள்ளலாம். மதினிக்கு அந்த வசதி இல்லை.

மதினியின் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு முந்தைய அமாவாசையில் மஞ்சப்பைக்குள் மதினி பூசும் தலைச்சாயம் வந்தது. கல்யாணத்தில் மதினியின் தலை நடுவில் விரலகலத்துக்கு வெள்ளையும் அதற்குப் பின் கறுப்புமாக இருந்தது. போட்டோ எடுக்கும்போதெல்லாம் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். "துட்டி வீட்டுக்கா வந்திருக்கீக, முக்காடு எதுக்கு?" என்று சொந்தக்காரி ஒருத்தி கேட்டாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நெசமான தலை இதுதான். எதுக்கு மறைக்கணும்?" என்று சிரித்தபடியே அந்த முந்தானையைத் தன் கையால் இறக்கிவிட்டார். மெதுவாகத்தான் இறக்கினார். போட்டோகிராபரிடம், "இப்ப எடுங்க" என்றார்.

பவுடர் போனது. காப்பித்தூள் போனது. கொசுவர்த்தி போய் வேப்பிலைப் புகை வந்தது. மதினி இருமினார். "விஷம் வெளியேறுது" என்று அவர் சந்தோஷப்பட்டார். என் மனைவி ஒருநாள் துணிந்து, "அண்ணே, அந்த மூக்குப்பொடி?" என்று கேட்டுவிட்டாள். "அது எலைம்மா. மண்ணுல மொளச்சது" என்றார்.

பிறகு அந்த அமாவாசை வந்தது. நான் ஒட்டாத தோசைக்கல் என்று பந்தயம் கட்டினேன். என் மனைவி பிளாஸ்டிக் வாளி என்றாள். பை காற்றாக இருந்தது. உள்ளே மெடிக்கல் கடைக் காகித உறை. உறைக்குள் அட்டை அட்டையாக மாத்திரை.

"மதினியோட சுகர் மாத்திரை. இனி வேணாம். ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் போதும். உங்களுக்கு ஆகும்."

"எனக்குச் சுகர் இல்லையேண்ணே."

"வரும் தம்பி. நீங்க திங்கிற பிஸ்கட்டுக்கு வராம எங்க போகும்?"

டாக்டரைக் கேட்டீர்களா என்று மென்று விழுங்கிக் கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். "ஊருக்கே பூச்சி மருந்து வித்தவன் நான். கம்பெனிக்காரன் டப்பாவுக்குள்ள என்னத்தை அடைப்பான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். மேலே போனார். தும்மினார். அன்றைக்கு நூறு வரக் கொஞ்சம் நேரமானது.

மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் மதினி இறங்கி வந்தார். வாசலில் நின்று கையை நீட்டினார். என் மனைவி உறையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எங்கள் குடத்துத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் திரும்ப நீட்டினார்.

"மேல வைக்க எடமில்லம்மா. தெனமும் தலகாணிக்கு அடியில தடவிப் பாக்குறாக."

எங்கள் வீட்டில் மட்டும் எங்கே வைப்பது? அண்ணன் உரிமையோடு உள்ளே வந்து எங்கள் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்து, தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஆள். என் மனைவிதான் யோசித்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். அவரே ஒரு அமாவாசைக்குக் கொடுத்த வெள்ளைச் சீனி டப்பா. அதை அவர் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். சர்க்கரை வியாதி மாத்திரை சர்க்கரைக்குள்ளேயே புதைந்தது. தீர்ந்துபோனால் என் மனைவி மெடிக்கலில் வாங்கி வந்து புதைத்துவைப்பாள். மதினி தினமும் கறிவேப்பிலை பறிக்க இறங்கி வருவார். எங்கள் வாசல் கறிவேப்பிலைச் செடி மொட்டையானதற்கு அதுதான் காரணம்.

அதன் பிறகு ஏதோ ஒரு மருத்துவ முகாமில் மதினியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை அளவாக இருந்தது. இருக்காதா பின்னே? ஆனால் அண்ணன் கண்ணில் அன்று தெரிந்த வெளிச்சத்தை நான் வேறு எந்த மனிதர் கண்ணிலும் பார்த்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்ட ஒருவரையும் அவர் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பாய் விரித்துக் கூட்டம் போட்டார். செல்லூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஆவாரம்பூப் பொடி பொட்டலமாக அடுக்கியிருந்தது. அதிலிருந்து ஞாயிறுதோறும் கூட்டம், மதினியை நடுவில் நிறுத்துவார்.

"மாத்திரைய விட்டு இப்ப எப்படி இருக்கேன்னு நீயே சொல்லு."

மதினி பாயைப் பார்த்துக்கொண்டு, "விட்டுட்டேன். நல்லா இருக்கேன்" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். கடைசி வரிசையில் கருப்பட்டிப் பணியாரத்துக்காக உட்கார்ந்திருக்கும் நானும் தட்டுவேன். ஒரு கையில் பணியாரம் இருந்ததால் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

ஏன்க்கா இப்படிப் பொய் சொல்றீங்க என்று என் மனைவி கேட்டாள். "நெசத்தைச் சொன்னா கீழ வர்றதையும் நிப்பாட்டிருவாக" என்றார் மதினி. "ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒரு மாத்திரை முழுங்கிக்கிறேன். எனக்குக் கட்டுபடியாகுது."

கட்டுபடியாகாமல் போனது அவர் தங்கச்சிக்கு. உசிலம்பட்டிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அக்காவைப் போலவே சர்க்கரை, அதே மாத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளும் கூட்டத்துக்கு வந்து, அக்கா சொன்னதைக் காதாரக் கேட்டு, கை தட்டி, பொட்டலம் வாங்கிக்கொண்டு இறங்கியது. மதினி படியில் வைத்துத் தங்கச்சியின் கையைப் பிடித்தார். நாங்கள் வாசலில் நின்றிருந்தோம்.

"நீ மாத்திரைய விட்டுறாதடி."

"ஏன், ஒனக்கு மட்டும் நல்லாகணும், எனக்கு ஆகக்கூடாதாக்கும்?"

மேல்படியில் அவர் வந்து நின்றார். அக்கா தங்கச்சி என்ன ரகசியம் பேசுறீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மதினி கையை விட்டுவிட்டார். "ஒழுங்காச் சாப்பிடுன்னு சொன்னேன்" என்றார்.

செருப்புக் கடித்த புண்தான் முதலில். அது ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் சுண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பக்கத்து விரல். பிறகு பாதம். செய்தி ஒவ்வொன்றாகத்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மதினி எங்கள் அடுப்படியில் வந்து குந்தி, மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு விழுங்குவார். "மொதல்ல பேஸ்ட்டு, பெறகு சோப்பு. இப்ப எந்தங்கச்சி காலு. ஒவ்வொண்ணாத்தான் மாத்துறாக" என்றார் ஒருநாள். நான் ஜோக்கடித்தே பிழைக்கிறவன். அன்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எல்லோருமாகத்தான் போனோம். அவர் புதுப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளையிடம் கேட்கிற மாதிரி அவ்வளவு இதமாகக் கேட்டார்.

"பொடிய வெறும் வயித்துலதான குடிச்ச?"

"ஆமா அத்தான்."

"ஒரு நாள் விடாம?"

தங்கச்சி யோசித்தது. "நாத்து நடவு அன்னிக்கு ஒரு வேளை விட்டுப்போச்சு அத்தான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தம்பி" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கணக்கு நேராகிவிட்ட நிம்மதி. மதினி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதத்தின் மேல் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொரு பக்கம் தட்டையாக மெத்தையில் கிடந்தது. மதினி அந்தத் தட்டையான இடத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பாய் விரித்தார்கள். நானும் போனேன், பணியாரம் சாப்பிடவில்லை. மதினியை வழக்கம்போலக் கூப்பிட்டார். மதினி நடுவில் வந்து நிற்காமல் படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் எங்கள் வீட்டுச் சீனி டப்பா. எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். சீனி கொட்டக் கொட்ட ஒரு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார்.

"இது எம் மாத்திரை. ஒரு நாளும் நான் விடல. விட்டுட்டேன்னு பொய் சொன்னேன். அதைக் கேட்டு எந்தங்கச்சி விட்டா. இப்ப அவளுக்குப் பாதம் இல்ல. உங்க வீட்டுல யாரும் விட்டிருந்தா இன்னிக்கே போயி டாக்டரைப் பாருங்க."

கொட்டிய சீனிக்கு எறும்பு வந்திருந்தால் அதுகூடக் கேட்டிருக்கும். நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். இந்தத் தடவையாவது கத்துவார் என்று நினைத்தேன். சொல்லப்போனால் கத்தமாட்டாரா என்று ஆசைப்பட்டேன். அவர் சிரித்தார்.

"பாருங்க. இம்புட்டு விஷத்தையும் தின்னுட்டு இவ நடமாடுறான்னா, நம்ம ஆவாரம்பூவுக்கு எம்புட்டுச் சக்தி இருக்கணும்."

ஒரு பெண் மட்டும் தன் பொட்டலத்தைப் பாய்மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. செல்லூர்க்காரர் ஒருவர் பொட்டலம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த அமாவாசைக்கு நாங்கள் பந்தயம் கட்டவில்லை. காக்கைகள் தின்று பறந்தன. அவர் விபூதியோடு இறங்கி வந்தார். பை கனமாக இருந்தது. உள்ளே சேலைகள். எல்லாம் மதினி உடுத்தி நாங்கள் பார்த்தவை. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டும் அதில் இருந்தது.

"என்னண்ணே இது, மதினி சேலையில்ல?"

"ஆமா தம்பி. விஷத்துல ஊறுன ஒடம்பு. வீடு சுத்தமாகணும்ல. ஒரேயடியா வேணாம். இந்த அமாவாசைக்குச் சேலை. அடுத்ததுக்கு அவ பொழங்குன பாத்திரம் பண்டம். பெறகு ஆளு. தங்கச்சிக்கும் கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆளு வேணும்ல. எடுத்துக்கங்க. உங்களுக்கு ஆகும்."

அவர் கொடுத்த பற்பசையையும் சோப்பையும் மிக்சியையும் இரண்டு கையால் வாங்கியவன் நான். அன்று கை எழவில்லை. என் மனைவி முன்னால் வந்து பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் திரும்பிப் படியேறினார். பாதிப் படியில் நின்று இடுப்பைத் தடவினார். எதிரே மதினி இறங்கி வந்துகொண்டிருந்தார். அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். கறிவேப்பிலைக்கு என்று நினைத்திருப்பார்.

மதினி எங்கள் அடுப்படிக்கு வந்தார். பையைப் பார்த்தார். கட்டிய சேலையையும் கழுத்து மஞ்சள் கயிற்றையும் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை.

"மிச்சத்தை அவுக மாசத்துக்கு ஒண்ணாக் குடுப்பாக. நான் ஒரேயடியா வந்துட்டேன்."

சீனி டப்பாவை இழுத்து வைத்து அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். என் மனைவி தம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்தாள். அப்போது படியிலிருந்து அந்தத் தும்மல் வந்தது. தெருமுனை வரை கேட்கும் தும்மல்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். மேலே அவரும் நின்றிருக்க வேண்டும், காலடிச் சத்தம் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் மதினியின் வாய் திறந்தது.

திறந்த வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.